பிலிருபின் கூடினால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வளைகுடா வேலைக்காக மெடிக்கல் போனான். பிலிருபின் 1.9 என்று வந்து, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹெச்’ (‘ஹை’, அதாவது அதிகம்) போட்டிருந்தது. காமாலை என்று பயந்து மூன்று வாரம் உப்பில்லாக் கஞ்சியும் கீழாநெல்லியுமாகப் பத்தியம் இருந்தான். மறுபடி பார்த்தால் 2.3. பணம் கொடுத்தால் ‘ஃபிட்’ வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது? இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்தப் பத்தியத்தை நிறுத்துங்கள் அம்மா. அளவு 1.9-லிருந்து 2.3 ஆனதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடுகிற நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் சரியாக இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி, சி இல்லை. மொத்தம் 2.3-ல், கல்லீரல் மாற்றி முடித்த ‘டைரக்ட்’ பிலிருபின் 0.3 மட்டுமே, மிச்சமெல்லாம் இன்னும் மாற்றாத ‘இன்டைரக்ட்’. ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்க வேண்டிய வரி இதுதான். ஆனால் யார் கண்ணிலும் படாமல் போனதும் இதுதான்.

நம் ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அது அழியும்போது வருகிற மஞ்சள் கழிவுதான் பிலிருபின். கல்லீரல் ஒரு நொதியைக் கொண்டு அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு வெளியே அனுப்புகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவாக வேலை செய்யும். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் நடந்துவிடும். இதற்கு கில்பர்ட் சிண்ட்ரோம் என்று பெயர். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் கில்பர்ட் 1901-லேயே எழுதி வைத்தது. நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருக்கும். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது. கல்லீரலை இது கெடுக்காது. மருந்தும் தேவையில்லை.

சாப்பாடு குறைந்தால், தூக்கம் கெட்டால், காய்ச்சல் வந்தால் இவர்களுக்கு பிலிருபின் ஏறும். உங்கள் மகன் ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்து வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்திருந்தால் 1.9 வந்ததில் ஆச்சரியமே இல்லை. அதன்மேல் மூன்று வாரம் அரைப்பட்டினி போட்டிருக்கிறீர்கள்.

அந்த ‘ஹெச்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘நார்மல்’ என்று அச்சடிக்கும் எல்லை எப்படி வருகிறது? ஆரோக்கியமானவர்கள் பலருடைய ரத்தத்தைப் பார்த்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை எல்லையாக வைக்கிறார்கள். அப்படியானால் ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், நோயே இல்லாத நூறு பேரில் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வரும். கம்ப்யூட்டர் போடுகிற எழுத்து அது. 60 டெஸ்ட், 80 டெஸ்ட் என்று பேக்கேஜ் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதை விளக்க ஒரு டாக்டர் ஐந்து நிமிடம் உட்காருவதில்லை. பயந்துபோய் நீங்கள் அடுத்த பேக்கேஜுக்குப் பணம் கட்டுவீர்கள். பல வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிவப்பணுக்கள் 120 நாளுக்கு முன்பே உடைந்துகொண்டிருந்தாலும் இதே மாதிரிதான் இன்டைரக்ட் பிலிருபின் கூடும், எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கும். அதனால்தான் வெறும் லிவர் டெஸ்ட்டை வைத்து கில்பர்ட் என்று முடிவு கட்டக் கூடாது. ஹீமோகுளோபின் குறைகிறதா, புதுச் சிவப்பணுக்கள் அவசரமாக உற்பத்தியாகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சி.பி.சி. (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), ஒரு ரெடிகுலோசைட் கவுண்ட் (புதுச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை), மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைத் தடவிப் பார்க்கும் ஒரு ஸ்மியர் போதும். அவன் வெளிறிப்போயிருந்தால், படி ஏறினால் மூச்சு வாங்கினால், மண்ணீரல் வீங்கியிருந்தால், சின்ன வயதிலேயே பித்தக்கல் வந்திருந்தால், வீட்டில் யாருக்காவது அடிக்கடி ரத்தம் ஏற்றியிருந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு ஹீமோகுளோபின் 14.8 இருக்கிறது, அது நல்ல செய்தி. ஆனாலும் மற்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அது கில்பர்ட்டே இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம் அந்த ஏஜென்ட். அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இப்படிப்பட்டவர்கள் வேறொருவர் ரத்தத்தைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கப் பார்ப்பார்கள். அங்கே இறங்கியதும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போது மாட்டிக்கொள்வது உங்கள் மகன்தான், இவர் இல்லை. காமாலையை ஒரு வாரத்தில் இறக்குகிறேன் என்று லிவர் டானிக் விற்கிறவரையும் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

மூன்று நாள் வழக்கம்போல வயிறாரச் சாப்பிடட்டும், ராத்திரி நன்றாகத் தூங்கட்டும். அதன்பிறகு லிவர் டெஸ்ட்டையும் நான் சொன்ன மற்றவற்றையும் சேர்த்து எடுங்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். அந்த ரிப்போர்ட்டோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல், கல்லீரல் பிரிவு டாக்டரைப் பாருங்கள். கில்பர்ட் என்று அவர் உறுதி செய்தால், அதை எழுத்தில் கையெழுத்தோடு வாங்கி மெடிக்கல் சென்டரில் கொடுங்கள். ஒரு நகலை மகன் பையில் வைத்துக்கொள்ளட்டும். சில மருந்துகளை இவர்களுக்குப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.