மெயில் வருகிறது, போக மாட்டேன் என்கிறதா? போர்ட் எண்ணைப் பாருங்கள்

வணக்கம். கோத்தகிரியில் புது இணைப்புக்கு மாறியதிலிருந்து அவுட்லுக்கில் மெயில் வருகிறது, அனுப்பினால் மட்டும் அவுட்பாக்ஸிலேயே நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் சர்வர் வேறு, போர்ட்டும் (சர்வருக்குள் நுழையும் வாசல் எண்) வேறு.

முதலில் கணினியைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். போய்விட்டால், அநேகமாகப் பழைய போர்ட் 25தான் சிக்கல். ஸ்பேமைத் தடுக்க நிறைய இணைய நிறுவனங்கள் அதை மூடி வைத்திருக்கின்றன. அக்கவுண்ட் செட்டிங்ஸில் அவுட்கோயிங் சர்வர் பகுதிக்குப் போய் 587 என்று மாற்றி, ஸ்டார்ட்டிஎல்எஸ் (மெயிலைப் பூட்டி அனுப்பும் முறை) தேர்ந்தெடுங்கள். அதற்கும் மசியவில்லையா, போர்ட் 465 போட்டு, எஸ்எஸ்எல் என்ற இன்னொரு பூட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பும் சர்வருக்கும் லாகின் தேவை என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குன்னூரில் எனக்கும் இதே கதைதான். மழையில் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்!

அப்புறம், தோட்டத்துப் படங்களோடு ஏதாவது மெயில் அவுட்பாக்ஸில் சிக்கியிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஜிமெயிலில் வரம்பு 25 எம்பி. ஆனால் ஃபைல்கள் அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 18 எம்பி தாண்டினாலே தகராறுதான். படங்களை கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்புங்கள்.