கேள்வி பதில்: சூனியக்காரிகளும் ஒரு பாட்டியும்

கேள்வி: 'தி விட்சஸ்' படத்தை எட்டு வயது மகனுக்குக் காட்டலாமா? பயந்துவிடுவானோ என்று யோசனையாக இருக்கிறது. இரண்டு படங்கள் இருக்கின்றனவே, எதைப் பார்ப்பது?
(வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாகக் காட்டுங்கள். பயப்படத்தான் செய்வான், அதனால் நீங்களும் கூட உட்காருங்கள். நான் சொல்வது நிக்கோலஸ் ரோக் இயக்கிய 1990 படத்தை.

நார்வேயில் ஒரு பாட்டி, சூனியக்காரியை எப்படி அடையாளம் காண்பது என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எப்போதும் கையுறை போட்டிருப்பார்கள், மொட்டைத் தலையை விக் வைத்து மறைத்திருப்பார்கள், காலில் விரல் இருக்காது, குழந்தைகளின் வாடையே அவர்களுக்கு ஆகாது. அவள் சொல்லும் கதைகளில், சூனியக்காரியிடம் சிக்கிய ஒரு சிறுமி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்துக்குள் மாட்டிக்கொள்கிறாள்; அசைவதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் ஒருநாள் ஒரு இடத்தில் நிற்கிறாள், இன்னொருநாள் வேறொரு இடத்தில், வருஷம் போகப்போக ஓவியத்துக்குள்ளேயே வயதாகி, கடைசியில் காணாமலே போய்விடுகிறாள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஆனாலும் படத்திலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

அப்புறம் இங்கிலாந்தில் ஒரு கடலோர ஹோட்டல். சூனியக்காரிகளின் மாநாடு நடக்கும் கூடத்தில் பையன் ஒளிந்திருக்க, தலைவியாக வரும் ஆஞ்செலிக்கா ஹூஸ்டன் தன் முகத்தையே உரித்து எடுக்கிறார். பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பட்டறையில் உருவான முகம் அது, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லை. பிள்ளைகளைச் சுண்டெலியாக்கும் மருந்தை அவர்கள் சூப்பிலேயே ஊற்றிவிட்டு வருவது, அதே மருந்தால் சுண்டெலியாகிப்போன இந்தப் பையன்தான்! பாட்டி அவனிடம் எதையும் மூடி மறைக்கவில்லை, அதனால்தான் அவனால் ஜெயிக்க முடிகிறது என்பது என் கட்சி.

கேள்வி: கதைப் புத்தகத்தில் முடிவு வேறாமே?
(வாசகர், மதுரை)

பதில்: ஆமாம். ரோல்ட் டால் 1983இல் எழுதிய நாவலில் பையன் கடைசிவரை சுண்டெலிதான். இன்னும் ஒன்பது வருஷம்போல இருப்பாய் என்று பாட்டி சொல்ல, அவளுக்கோ எண்பத்தாறு வயது, அப்படியானால் இரண்டு பேரும் ஒன்றாகவே போய்விடலாம் என்று அவன் சந்தோஷப்படுகிறான். 1990 படம் அவனைத் திரும்ப மனிதனாக்கிவிட்டது. டாலுக்கு அதில் கடும் கோபம், அவர் பக்கம்தான் நியாயம் என்பேன். குழந்தைகளால் அந்த முடிவைத் தாங்க முடியும், பெரியவர்கள்தான் பயந்துவிட்டார்கள்.

கேள்வி: 2020இல் வந்த படம்?
(வாசகி, கோவை)

பதில்: ராபர்ட் ஜெமெக்கிஸ் படம். 1960களின் அலபாமாவுக்குக் கதையை மாற்றிவிட்டார்கள், பாட்டியாக ஆக்டேவியா ஸ்பென்சர் அருமை. பையனைச் சுண்டெலியாகவே விட்டார்கள், அது சரி. ஆனால் சூனியக்காரிகளுக்குக் கையில் மூன்று விரல் வைத்தது பெரிய தவறு. பிறவியிலேயே கை, விரல் குறைபாடு உள்ளவர்கள் மனம் புண்பட்டு எதிர்த்தார்கள், வார்னர் பிரதர்ஸும் நடித்த ஆன் ஹாத்தவேயும் மன்னிப்புக் கேட்டார்கள். பிள்ளைகளோடு பார்ப்பதானால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.