இரவு 2 மணி, பாத்ரூம் வாசல்: மனநல வார்டில் நோயாளிகள் விழாமல் காப்பது பற்றி கேள்வி பதில்

மனநல வார்டுகளில் 22 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பெண்கள் வார்டு, ஆண்கள் வார்டு, குடிநோய் வார்டு, முதியோர் பிரிவு எல்லாவற்றிலும் டியூட்டி பார்த்திருக்கிறேன். நோயாளிகள் வார்டில் விழுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவி): சிஸ்டர், மனநல வார்டில் பலர் நடமாடக்கூடியவர்கள்தானே? அப்புறம் ஏன் விழுகிறார்கள்?

நடமாடுகிறார்கள் என்பதேதான் காரணம்மா. பொது வார்டில் ஆபரேஷன் ஆனவர் கட்டிலில் படுத்திருப்பார். நம் வார்டில் காலையில் எழுந்ததிலிருந்து நடை. அந்த உடம்புக்குள் என்ன மருந்து போயிருக்கிறது என்று பாருங்கள். குளோர்புரோமசின், குளோசபின், கியூட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் எல்லாம் எழுந்து நிற்கும்போது பிபியை இறக்கும். லோராசெபாம், குளோனாசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் தூக்கத்தோடு தள்ளாட்டத்தையும் தரும். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து எடுப்பவருக்கு உடம்பு விறைத்துவிட்டால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார், கைவீச்சு இருக்காது. தடுக்கினால் சட்டென்று கையூன்றிச் சமாளிக்க வராது. அந்த விறைப்புக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் வயதானவர்களுக்குப் பார்வையை மங்கவைக்கும், குழப்பத்தையும் கொண்டுவரும்.

நோயும் தன் பங்குக்குச் சேரும். மேனியாவில் (அளவு மீறிய வேகமும் உற்சாகமும்) இருப்பவர் நாலு நாள் தூங்காமல் ஓடியிருப்பார். கடும் மனச்சோர்வில் இருப்பவர் தண்ணீர்கூடச் சரியாகக் குடித்திருக்க மாட்டார்.

கேள்வி (தனியார் மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ்): நாங்கள் உட்காரவைத்து ஒரு பிபி எடுத்து எழுதிவிடுகிறோம். படுக்கவைத்து, நிற்கவைத்து எடுப்பது எல்லாருக்கும் தேவையா?

எல்லாருக்கும் தினமும் வேண்டாம். புதிதாக மருந்து தொடங்கியவர், டோஸ் ஏற்றப்பட்டவர், வயதானவர், "கண்ணை இருட்டிக்கொண்டு வருது" என்று சொன்னவர், இவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு பிபி. எழுந்து நின்று 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நிற்கும்போதே தள்ளாடினால் அளவெடுப்பதை விட்டுவிட்டு உட்காரவையுங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடம் முன்பு ஒரு நைட் டியூட்டி. 40 கட்டிலுக்கு நானும் ஒரு ஆயாம்மாவும். 60 வயது தாண்டிய ஒரு அம்மா அன்று காலைதான் அட்மிஷன் ஆகியிருந்தார். "மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுறாங்க" என்று மகன் சொன்னார். பழைய சீட்டில் இருந்தபடியே முழு டோஸ் குளோசபின் எழுதப்பட்டிருந்தது, இரவு 9 மணிக்கு நான்தான் கொடுத்தேன். 2 மணி ரவுண்டில் "நன்றாகத் தூங்குகிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். இரண்டரைக்கு பாத்ரூம் பக்கம் பிளாஸ்டிக் மக் சிமென்ட் தரையில் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசலில் கிடக்கிறார். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

பத்து நாளாக அவர் வீட்டில் மாத்திரையைத் துப்பிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் திரும்ப 12.5 மில்லிகிராமில்தான் தொடங்க வேண்டும். பழைய டோஸை அப்படியே கொடுத்தால் பிபி சரிந்துவிடும். அன்றிலிருந்து அட்மிஷனில் "மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று நான் கேட்பதில்லை. "கடைசியாக அவர் விழுங்கியதை நீங்கள் கண்ணால் பார்த்தது எப்போது?" என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. இரவு மாத்திரை கொடுப்பதற்கு முன்பே ஒருமுறை எல்லாரையும் பாத்ரூமுக்கு அழைத்துப் போய்விடுங்கள். ஆபத்துள்ளவர்களை நடுராத்திரி அவர்களாக எழுவதற்கு முன் நாமே எழுப்பி, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, பிறகு கூட்டிப்போக வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் குத்தவைத்துவிட்டு எழும்போதும் கண் இருட்டும். அதனால் வாசலிலேயே நில்லுங்கள்.

கேள்வி (அம்மாவுடன் வார்டில் தங்கியிருக்கும் மகள்): அட்டெண்டராக நான் என்ன செய்யலாம் சிஸ்டர்?

முதலில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள் அக்கா. இருட்டில் எழும் அம்மா உங்கள் மேலேயே தடுக்கி விழுவார். இப்படி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மா இறங்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் படுங்கள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வார் வைத்தது வாங்கிக் கொடுங்கள். சேலை தரையில் இழுபடும் என்றால் நைட்டி நல்லது, அதுவும் கணுக்காலுக்கு மேலே. காலையில் தரை துடைத்துக் காயும்வரை அம்மா கட்டிலிலேயே இருக்கட்டும். நீங்கள் டீ வாங்கப் போனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி (வார்டு இன்சார்ஜ்): விழும் ஆபத்தை மதிப்பெண் போட்டுப் பார்க்க மோர்ஸ் அளவுகோல் பயன்படுத்துகிறோம். போதுமா?

ஒன்றும் இல்லாததற்கு அது நல்லதுதான் மேடம். ஆனால் அது பொது வார்டை மனதில் வைத்துச் செய்தது. ஐவி ஊசி போட்டிருக்கிறதா என்பதற்கு 20 மதிப்பெண் தருகிறது, தூக்க மாத்திரைக்கு ஒன்றும் இல்லை. மனநல நோயாளிகளுக்கென்றே எட்மன்சன் அளவுகோல் இருக்கிறது. வயது, மனநிலை, மலஜலம் கழிப்பது, மருந்து, நோய், நடை, சாப்பாடு, தூக்கம், முன்பு விழுந்தது என்று 9 விஷயங்களைப் பார்க்கும். மொத்தம் 90ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து. எதைப் பயன்படுத்தினாலும் அட்மிஷன் அன்று ஒருமுறை போட்டு மடித்து வைத்துவிட்டால் பயனில்லை. மருந்து மாறினால் மறுபடி போட வேண்டும். டியூட்டி மாற்றிக் கொடுக்கும் ஹேண்ட்ஓவரில் எண்ணை மட்டும் சொல்லாமல், "7ஆம் கட்டில், நேற்று டோஸ் ஏற்றியது, ராத்திரி இரண்டு முறை எழுவார்" என்று சொல்லுங்கள்.

கேள்வி (ஆண் நர்ஸ்): ராத்திரியில் ஆள் பற்றாக்குறை. விழக்கூடியவரைக் கட்டிலில் கட்டிவைப்பது பாதுகாப்பு இல்லையா?

இல்லை தம்பி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 97 இதைத் தெளிவாகச் சொல்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும்தான் கட்டலாம். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் தீயில் சிக்கினார்கள். 28 உயிர் போனது. நம் ஊரில் இந்தத் தொழில் செய்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

நடைமுறையிலும் கட்டுவது உதவாது. முறுக்கி அவிழ்த்துக்கொண்டு இறங்குபவர் இன்னும் மோசமாக விழுவார். கட்டிலில் பக்கத் தடுப்பைத் தூக்கிவிட்டாலும் இதேதான், குழப்பத்தில் இருப்பவர் அதன்மேல் ஏறிக் குதிப்பார். தாழ்ந்த கட்டில் கொடுங்கள், இல்லையென்றால் மெத்தையைத் தரையில் போடுங்கள். நர்ஸ் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றுங்கள். ஆள் கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி (சைக்கியாட்ரிக் நர்சிங் டிப்ளமோ மாணவர்): தற்கொலை ஆபத்தைத் தடுப்பதும் விழுவதைத் தடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே?

மிகச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். பைஜாமா நாடாவை உருவிவிடுகிறோம். அவர் ஒரு கையால் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார், நழுவினால் காலில் சுற்றிக்கொள்கிறது. எலாஸ்டிக் தைத்துக் கொடுத்தால் தீர்ந்தது, ஒரு தையல்காரர் போதும். மூக்குக் கண்ணாடியை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு அவரைத் தட்டுத்தடுமாற விடுகிறோம். விழித்திருக்கும் நேரத்தில் பார்வையில் வைத்துக்கொண்டு கொடுக்கலாம். பாத்ரூம் கைப்பிடியில் துணி மாட்டித் தூக்குப் போடலாம் என்று பயந்து கைப்பிடியே வைக்காமல் விடுகிறார்கள். கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைத்துச் செய்த கைப்பிடிகள் இருக்கின்றன.

கேள்வி: ஈசிடி (மின் அதிர்வு சிகிச்சை) முடிந்த நோயாளியை எப்போது நடக்க விடலாம்?

பெயர், இடம் கேட்டுத் தெளிவாகப் பதில் வந்து, பிபி பார்த்து, உட்காரவைத்துத் தள்ளாடவில்லை என்று தெரிந்த பிறகு. அப்போதும் ஒருவர் கூடவே. வெறும் வயிற்றில் வந்திருப்பார் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி (குடிநோய் வார்டு நர்ஸ்): எங்கள் வார்டில் எந்த நேரம் அதிக ஆபத்து?

கடைசியாகக் குடித்த நேரத்தை எழுதிவையுங்கள், எல்லாம் அதிலிருந்துதான். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் நடுக்கமும் மாயத்தோற்றமும் முற்றி, இல்லாத பூச்சியை விரட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து பாய்வார்கள். நடை அகன்று தள்ளாடி, கண் அசைவும் சரியில்லை என்றால் தயமின் (வைட்டமின் பி1) குறைவாக இருக்கலாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போக வேண்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): சிலர் வேண்டுமென்றே விழுகிறார்கள். அதற்கும் ஓட வேண்டுமா?

ஓட வேண்டும். விழுந்தவரை அள்ளித் தூக்கிவிடாமல், நினைவு இருக்கிறதா, கழுத்து வலிக்கிறதா, தலையில் அடியா, கால் திரும்பியிருக்கிறதா என்று பார்த்து, பிபியும் சர்க்கரையும் எடுக்க வேண்டும். தலையில் பட்டிருந்தால் முதல் 2 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை நினைவும் கண்மணியும் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

எங்கள் வார்டில் 20களில் ஒரு பையன் இருந்தான். ஒரே நாளில் மூன்று முறை விழுந்தான். "நடிக்கிறான், கவனிக்கணும்னு பண்றான்" என்று ஹேண்ட்ஓவரில் சொன்னார்கள். நான் போனபோது தம்ளரைக் கையில் கொடுத்தேன், பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. கை அப்படி நடுங்கியது. பேச்சும் குழறியது. கேட்டால் இரண்டு நாளாகப் பேதி என்றான், யாரிடமும் சொல்லவில்லையாம். லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த பையன், பேதியில் உடம்பில் நீர் குறைந்தால் அந்த மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகும். டாக்டரை எழுப்பினேன். மாத்திரையை நிறுத்தி ரத்தம் அனுப்பினார்கள், லித்தியம் அளவு 1.5ஐத் தாண்டி நச்சு நிலையில் இருந்தது. சலைன் ஏற்றி, சில நாள் கழித்து என் டியூட்டியில் தானே தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தான், ஒரு சொட்டு சிந்தவில்லை.