ரெண்டு முகம் உள்ள பாலிமர் நானோ துகளை நம்மூர் லேப்ல செய்ய முடியுமா?

பாளையங்கோட்டைல எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிற தம்பி, இந்த ரெண்டு முகத் துகள, அதாவது ஜேனஸ் துகள ப்ராஜெக்ட்டா எடுக்கலாமா, பெரிய மிஷின்லாம் வேணுமான்னு கேட்டிருக்காரு. தாராளமா எடுங்க தம்பி. அல்ட்ராசவுண்ட் அதிர்வுல திரவத்த நுணுக்குற ப்ரோப் சோனிகேட்டரும், ஆவிய வெளிய இழுக்கிற நல்ல ஃப்யூம் ஹூடும் இருந்தா ஆரம்பிச்சிரலாம்.

பாலிஸ்டைரீன், பிஎம்எம்ஏ (பாலி மெத்தில் மெத்தாக்ரிலேட்) ரெண்டு பாலிமரையும் டொலுயீன்ல கரைச்சு, எஸ்டிஎஸ்ங்கிற சோப்பு மாதிரி சர்ஃபாக்டன்ட் போட்ட தண்ணில ஊத்தி சோனிகேட் பண்ணுனா, டொலுயீன் சொட்டு சொட்டா தண்ணில மிதக்கிற எமல்ஷன் வெள்ளை வெளேர்னு வரும், அத ஹூடுக்குள்ள வச்சு மெதுவா கலக்கிக்கிட்டே இருந்தா டொலுயீன் பறக்க பறக்க ஒவ்வொரு சொட்டுக்குள்ளயும் ரெண்டு பாலிமரும் தானா பிரிஞ்சிரும். நீளச் சங்கிலிக்கு கலந்து கெடந்தா கிடைக்கிற என்ட்ரோபி லாபம், அதாவது தாறுமாறா கலையுறதால வர்ற ஆதாயம், ரொம்பக் கம்மி, அதான் சேராது. அவசரப்பட்டு சூடு பண்ணிராதீங்க, ஏப்ரல் மே மாசம் நம்மூர் வெக்கையே அதிகம், வேகமா காஞ்சா பாதி பிரிஞ்சதோட அப்படியே இறுகிரும்.

பிரிஞ்சா மட்டும் ரெண்டு முகம் வந்துராது, அங்கதான் விஷயமே இருக்கு. தண்ணிக்கு பிஎம்எம்ஏவ கொஞ்சம் கூடுதலா புடிக்கும், விட்டா அது வெளிய சுத்திக்கிட்டு பாலிஸ்டைரீன உள்ள அடைச்சிரும், கோர் ஷெல்லாப் போயிரும். தண்ணிக்கும் ரெண்டு பாலிமருக்கும் உள்ள இன்டர்ஃபேஷியல் டென்ஷன், அதாவது ரெண்டும் தொடுற எடத்துல உள்ள இழுவிசை, கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாத்தான் பாதிக்குப் பாதி நிக்கும், அத சரிக்கட்டுறது சர்ஃபாக்டன்ட். எது, எவ்வளவுன்னு மாத்தி மாத்திப் பாக்கிறதையே ப்ராஜெக்ட்டா வைங்கன்னு சொல்லுதேன், நல்ல தீசிஸ் வரும்.

வந்துருக்கான்னு பாக்க, கழுவிக் காயவச்ச துகள கொஞ்சம் க்ளேசியல் அசிட்டிக் ஆசிட்ல (தண்ணி கலக்காதது) போடுங்க. பிஎம்எம்ஏ மட்டும் கரைஞ்சிரும், பாலிஸ்டைரீன் கரையாது. எஸ்இஎம்ங்கிற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாதி உருண்டை தெரிஞ்சா ஜேனஸ், முழு உருண்டைன்னா கோர் ஷெல்.

இந்தத் துகளெல்லாம் தண்ணில தானா ஒண்ணோடொண்ணு சேந்து அடுக்கணும்னா இது பத்தாது, ரெண்டு முகமுமே தண்ணில சேராத ஜாதிதான். ஒரு முகத்துக்காவது தண்ணி புடிக்கணும். ஜெர்மனில பைராய்ட்ல ஆக்செல் முல்லர் குழு பிஎம்எம்ஏ பக்கத்த ஹைட்ராலிசிஸ் பண்ணி (தண்ணியால உடைச்சு) தண்ணி புடிக்கிற பாலி மெத்தாக்ரிலிக் ஆசிடா மாத்தி 2003ல காமிச்சாங்க, தண்ணில அந்தத் துகளெல்லாம் கூட்டம் கூட்டமா சேந்துக்கிட்டு. 2011ல அமெரிக்கால ஸ்டீவ் க்ரானிக் குழு, ரெண்டு முனையும் தண்ணிய வெறுக்கிற, நடுவுல சார்ஜ் உள்ள உருண்டைங்க கெடந்த தண்ணில உப்பப் போட்டதும், அந்த உருண்டையெல்லாம் கோழி கவுக்கிற பஞ்சாரத்துல அறுகோணமா ஓட்டை இருக்குமே, அதே அமைப்புல தானா அடுக்கிச்சு. அது ஒரு மைக்ரான் சைஸு (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), சாதா மைக்ராஸ்கோப்லயே பாக்கலாம். நானோல அந்த வசதி கிடையாது, அதனால மொதல்ல மைக்ரான் சைஸுல செஞ்சு கை பழகுங்க, சோனிகேட்டர் கூட வேண்டாம், வேகமா சுத்திக் கலக்குற ஹோமோஜினைசர் போதும்.