பெட்டி வேண்டாம், தயிர்ச்சட்டி போதும்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் என் வீட்டில் வைத்து ஐந்து பிள்ளைகளைப் பார்க்கிறேன். இருவருக்கு இரண்டு வயது. மற்ற மூவரும் மூன்றரைக்கும் நாலரைக்கும் இடைப்பட்டவர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு உயிரெழுத்தும் எழுதுது, எங்கட பிள்ளை விளையாடிப்போட்டுத்தான் வருது" என்று ஒரு தாய் குறைப்பட்டார். இந்த நேரம் பார்த்து ஒரு முகவர் வந்திருக்கிறார். எழுத்துக் கொப்பிகள், ஃப்ளாஷ் கார்ட், சீடி எல்லாம் உள்ள பெட்டி ஒன்றை 18,000 ரூபாவுக்குத் தவணையில் தருகிறாராம், பயிற்சிச் சான்றிதழும் எடுத்துத் தருவாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

முதலில் அந்தத் தாயின் கவலையைப் பார்ப்போம். மூன்று வயதளவில் பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரையும். கூட்டல் அடையாளம் நாலு வயதை ஒட்டி வரும். சதுரம் நாலரை அளவில், முக்கோணம் ஐந்தில். இனி 'அ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, குறுக்குக் கோடு, கடைசியில் நிமிர்ந்த கோடு. கூட்டல் அடையாளமே வராத கையிடம் இதைக் கேட்டால் பிள்ளை பென்சிலை முட்டியாகப் பிடித்து அழுத்தும், கை நோகும், கொப்பியைக் கண்டாலே ஒளிக்கும். அப்படிப் பழகிய பிடியை முதலாம் தரத்தில் மாற்றுவது ஆசிரியருக்குப் பெரும் பாடு.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறது என்றால் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். கல்முனை பஸ்ஸின் பலகையிலோ பால்மாப் பெட்டியிலோ ஒரு 'எ'வைக் காட்டி இது என்ன என்று கேட்கட்டும். பெரும்பாலும் பிள்ளை "ஆனா, ஆவன்னா" என்று முதலில் இருந்து பாடிக்கொண்டு வந்துதான் பதில் சொல்லும், அல்லது முழிக்கும். அது பாட்டு மனப்பாடம். வாசிப்பு அதிலிருந்து வராது.

"ஏடு தொடக்கியாச்சே, பிறகென்ன?" என்றும் கேட்பார்கள். விஜயதசமியில் என்ன நடக்கிறது? பெரியவர் மடியில் வைத்து, பிள்ளையின் விரலைப் பிடித்து, அரிசியில் எழுதுவிக்கிறார். மடி, விரல், அரிசி. பென்சிலும் நாலுவரிக் கொப்பியும் அங்கே எங்கே இருக்கின்றன? அந்த வழியையே ஐந்து வயதுவரை நீட்டுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

பாடசாலையில் எடுக்க மாட்டார்கள் என்ற பயமும் வேண்டாம். ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருந்தால் முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரச பாடசாலைச் சேர்க்கையில் முக்கியமாகப் பார்ப்பது வதிவிடத்தையும் அதை நிரூபிக்கும் ஆவணங்களையும். பிள்ளை எழுதுமா என்பதற்குப் புள்ளி கிடையாது. இது அதிகாரிகளுக்கும் தெரியும், முன்பள்ளி நடத்துபவர்களுக்கும் தெரியும். பெற்றோருக்கு வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. முன்பள்ளிகளில் மூன்று வயதுக்கு வீட்டுப்பாடம், நாலு வயதுக்குப் பரீட்சை, வருட முடிவில் கறுப்பு அங்கி போட்டுப் பட்டமளிப்பு. மேற்பார்வைக்கு வருபவர் இடாப்பைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார். கதைப்புத்தகம் எத்தனை இருக்கிறது என்று கேட்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் முகவர்கள் பெட்டியோடு நுழைகிறார்கள்.

அந்தப் பெட்டிகளில் வழக்கமாக இருப்பதையும் பாருங்கள். 'ஒ'வுக்கு ஒட்டகம், 'ஃ'குக்கு எஃகு. பிள்ளை இரண்டையும் கண்டதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இறால் தெரியும், நண்டு தெரியும், தோணி தெரியும். இனி சீடி. இரண்டு முதல் நாலு வயதுவரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணித்தியாலம் அவர்கள் வீட்டிலேயே முடிந்துவிடும். உங்கள் வீட்டில் திரையே வேண்டாம்.

அப்ப என்ன செய்வது? காதில் தொடங்குங்கள். தமிழ் எழுத்து அசைக்கு அசை ஒலிக்கிறது. ஆகவே சொல்லை அசையாகப் பிரிக்கப் பழகிய காதுக்குப் பிறகு எழுத்தைப் பிடிப்பது லேசு. பிள்ளைகளின் பெயரைக் கைதட்டிச் சொல்லுங்கள், ஓர் அசைக்கு ஒரு தட்டு. பிறகு நண்-டு, தோ-ணி, கச்-சான், கத்-த-ரிக்-காய். இரண்டு வயதுக்காரர் சும்மா தட்டட்டும், திருத்தாதீர்கள். நாலு வயதுக்காரரிடம் "தோணியில 'ணி'யை எடுத்தா மிச்சம் என்ன?" என்று கேட்கலாம். 'க'வில் தொடங்கும் சாமான்களைக் குசினியில் தேடச் சொல்லலாம். மூன்று நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு முறை. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது ஓராட்டுப் பாடுங்கள், பெரிய பிள்ளைகளோடு நொடி, அதாவது விடுகதை, போடுங்கள். அம்மம்மாமாருக்குத் தெரிந்த இவையெல்லாம் ஓசைப் பயிற்சிதான்.

அடுத்தது புத்தகம். கடைப் புத்தகம் இல்லாவிட்டால் செய்துகொள்ளுங்கள். பிரிஸ்டல் போர்ட்டை 20க்கு 30 சென்ரிமீற்றரில் நாலு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்தால் அட்டையோடு சேர்த்துப் பதினாறு பக்கம். மடிப்பில் இரண்டு இடத்தில் தடித்த நூலால் தையுங்கள். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், கம்பி கழன்று வாய்க்குள் போகும். படங்களைப் பசையால் ஒட்டுங்கள். மாப்பசை போட்டால் கரப்பான் அரிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், அதன் கீழே மூன்று நாலு சொல்லில் ஒரு வசனம், எழுத்து இரண்டு சென்ரிமீற்றர் உயரம்: "மாமி மீன் வாங்குறா." "தோணி கரைக்கு வருது." பேசுகிற மாதிரியே எழுதுங்கள். மாரி காலத்தில் அட்டை ஊதும், பொலித்தீன் உறை போட்டு வையுங்கள்.

வாசிக்கும்போது சொல்லின் கீழ் விரலை இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். "இது என்ன?" என்று கேட்டால், மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருங்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாயைத் திறக்கவே அவ்வளவு நேரம் வேண்டும், நாம் முந்திக்கொண்டு பதிலைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை "மீன்" என்றால் "ஓம், பெரிய மீன்" என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். ஐந்து பேரையும் ஒன்றாக இருத்தாதீர்கள். சின்னவர்களுக்கு மூன்று நாலு நிமிடம், பெரியவர்களுக்குப் பத்து நிமிடம் தனியாக. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சலிக்காமல் வாசியுங்கள்.

விரலுக்கு வருவோம். தயிர் தீர்ந்த மண்சட்டியைக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பு உடைந்திருந்தால் வேண்டாம், வெட்டும். அதன் அடிப்பக்கத்தில் வெள்ளைச் சோக்கு நன்றாகப் பிடிக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போகும். சட்டி காயாமல் எழுதக் கொடுத்தால் சோக்குக் கரைந்து கோடு தெரியாது. சோக்கை இரண்டு சென்ரிமீற்றர் துண்டாக முறித்துக் கொடுங்கள். நீளச் சோக்கைப் பிள்ளை முட்டியில் பிடிக்கும், துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். பென்சில் பிடி இப்படித்தான் வரும். துண்டுச் சோக்கு மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். சின்னவர்களுக்கு ஒரு பெயின்ட் தூரிகையும் அரை வாளித் தண்ணீரும் கொடுத்து மதிலை நனைக்க விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

பிசைமாவுக்கு ஒரு கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள்தூள். தண்ணீர் அரைக் கோப்பை அளவில், சிறுகச் சிறுக விடுங்கள். கையில் ஒட்டினால் மா, வெடித்தால் தண்ணீர். உப்பைக் குறைத்தால் மறுநாளே புளித்து மணக்கும். ஆனால் இவ்வளவு உப்பு வயிற்றுக்குள் போகக்கூடாது. எதையும் வாயில் வைக்கும் இரண்டு வயதுக்காரருக்கு உப்பில்லாத ரொட்டி மாவைக் கொடுத்து அன்றைக்கே எறிந்துவிடுங்கள்.

எண்ணி விளையாடக் குன்றிமணி எடுக்கவே வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டோடு அழகாக இருக்கும், ஆனால் மென்றால் கடும் நஞ்சு. புளியங்கொட்டை, கொக்கான் கல் எல்லாம் மூன்று வயதுக்குக் கீழே மூச்சை அடைக்கும். டொய்லெட் பேப்பர் சுற்றிய உருளைக்குள் நுழையும் எதுவும் சின்னவர் கையில் இருக்கக்கூடாது.

கொப்பி வேண்டாம் என்றதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். நாலு வயதைத் தாண்டிய பிள்ளை தானாக வந்து "எனக்கு எழுதக் காட்டுங்க" என்றால் மறுக்காதீர்கள். தாய் சொல்லிக் கேட்பது இதில் சேராது. தாய் இல்லாத நேரத்தில், வேறு விளையாட்டைவிட்டு வந்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கேட்க வேண்டும். அப்போதும் 'அ'வில் தொடங்காதீர்கள். 'ட' காட்டுங்கள்: மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. அடுத்தது 'ப': கீழே, வலம், மேலே. இவை இரண்டும் நேர்கோடு. பிறகு 'ம', அதில் வளைவு வரும். மூன்றும் வந்து, மேலே ஒரு புள்ளி வைக்கவும் தெரிந்தால் 'படம்', 'பட்டம்' என்று இரண்டு சொல் பிள்ளையின் கையில். முதலில் தட்டத்தில் ஒரு விரற்கடை உயரம் பரப்பிய அரிசியில் விரலால், பிறகு சட்டியில் சோக்கால், எழுத்து சட்டியின் அடியில் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக. நாளுக்கு ஐந்து நிமிடம், பிள்ளை எழும்பினால் அதோடு சரி. பிள்ளை தன் பெயரைத்தான் கேட்கிறது, அதில் 'ஸ்ரீ'யோ 'ஜ'வோ வருகிறது என்றால் நீங்கள் எழுதிக் காட்டுங்கள், அது விரலால் மேலே ஓடட்டும். தானாக எழுதும்படி கேட்காதீர்கள். இடக்கையால் எழுதினால் எழுதட்டும், மாற்றாதீர்கள். மறுவாரம் ஆசை போய்விட்டால் நீங்களும் விட்டுவிடுங்கள்.

சான்றிதழ் விடயம் இன்னும் மோசம். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான நிலையம் ஊடாக மதிப்பீட்டுக்குத் தோற்றித்தான் என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் காகிதம் சுவரில் தொங்கவிட மட்டும் உதவும். உங்கள் பராமரிப்பைப் பதிவு செய்வது பற்றி அறிய மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகத்துக்கு நீங்களே போய் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். "அவர் லீவு, நான் முடிச்சுத் தாறன்" என்று வாசலில் நிற்பவரிடம் அடையாள அட்டைப் பிரதியைக்கூடக் கொடுக்காதீர்கள். இரண்டு முறை அலைய வைப்பார்கள்தான். அந்த அலைச்சலை நம்பித்தான் தரகர் பிழைக்கிறார்.

அந்தத் தாய்க்கு வாய்ப்பேச்சு போதாது. வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையின் பையில் ஒரு துண்டு எழுதி வையுங்கள்: இந்தக் கிழமை எந்தக் கதையை எத்தனை தரம் கேட்டது, எந்தப் புதுச் சொல்லைச் சொன்னது, எத்தனை அசை தட்டியது. முதல் துண்டோடு நீங்கள் தைத்த புத்தகத்தையும் இரண்டு நாளுக்கு இரவல் கொடுங்கள். திங்கட்கிழமை திரும்பி வரட்டும்.