தட்டிக்கொடுப்பதும் டைட்டில் கொடுப்பதும்

கேள்வி: கே. பாலசந்தர் தன்னிடம் இருந்தவர்களைத் தட்டிக்கொடுத்து வளர்த்தவர். சினிமாவில் சரி, டி.வி.யிலும் அப்படித்தானா?
– வாசகர், நன்னிலம்

பதில்: அவர் பிறந்த நல்லமாங்குடி உங்கள் ஊர்ப் பக்கம்தானே, விட்டுக்கொடுப்பீர்களா! ஆனால் ‘தட்டிக்கொடுத்து’ என்கிறீர்களே, அங்கேதான் உதைக்கிறது. உலகத்தில் அதைப் போலச் செலவில்லாத காரியம் கிடையாது. நான் உதவி ஆசிரியராக இருந்தபோது ஒரு முதலாளி, சம்பள உயர்வு என்று வாயெடுத்தாலே எழுந்து வந்து தோளில் தட்டுவார். தீபாவளி போனஸ் என்றால் இரண்டு தோளிலும். ஆபீசில் எல்லோருக்கும் ஒரு பக்கத் தோள் இறங்கியே இருக்கும். தெருமுனைத் தையல்காரர் சட்டைக்கு அளவெடுக்கும்போதே, “பத்திரிகை ஆபீசா சார்?” என்று கேட்டுவிடுவார்.

பாலசந்தர் செட்டில் கோபக்காரர் என்று அவரிடம் வேலை பார்த்தவர்களே சொல்வார்கள். அவர் கொடுத்தது வேறு. சினிமாக்காரர்கள் டி.வி.யை ஒருபடி கீழே வைத்துப் பார்த்த காலத்தில், 1990-இல், தூர்தர்ஷனுக்கு ‘ரயில் சிநேகம்’ எடுத்தார். அப்புறம் மின்பிம்பங்கள். சொந்தக் கம்பெனி, எல்லாத் தொடரையும் தானே இயக்குவதாகப் போட்டுக்கொண்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ‘மர்மதேசம்’ நாகாவிடம் போனது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை. அதிலும் ‘விடாது கருப்பு’ பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிராமம், காவல் தெய்வம், ராத்திரியில் குதிரை. நடுத்தர வர்க்க வீட்டுக் கூடத்தில் நாலு பேரை நிறுத்தி மனசைக் கிளறுகிறவர் பாலசந்தர். கருப்பசாமி குதிரையேறி வருவது அவர் பாணியே அல்ல. இருந்தும் பணம் போட்டார். டைட்டிலில் ‘இயக்கம்: நாகா’. 2003-இல் ‘அண்ணி’யை இயக்கியவர் சமுத்திரக்கனி. தன்னைப் போலவே எடுக்கிற சிஷ்யனைக் கொண்டாடும் குருமார்கள் ஊருக்கு ஊர் உண்டு. தனக்குச் சம்பந்தமில்லாத கதையோடு வருகிறவனுக்குக் கம்பெனியைத் திறந்துவிடுகிறவர் எத்தனை பேர்?

டைட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதைய மெகா தொடர்களில் அசோசியேட், எடிட்டர், ஒளிப்பதிவாளர் பெயர்களெல்லாம் ஓடுகிற வேகத்தைக் கவனித்தீர்களா? மாமியார் முகத்தை மூன்று தடவை ஜூம் பண்ண நேரம் இருக்கிறது, பின்னால் இடி இடிக்க நேரம் இருக்கிறது, நேற்று பார்த்ததையே இன்று மறுபடி காட்ட நேரம் இருக்கிறது. விடிய விடிய வேலை பார்த்தவன் பெயரைப் படிக்க மட்டும் நேரமில்லை. ஓடிடி இன்னும் மோசம், டைட்டிலைத் தாண்டிப் போவதற்கென்றே பட்டன் வைத்திருக்கிறார்கள்.

இதை நான் எழுதும்போதெல்லாம், ‘கிழவர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்’ என்று சிதம்பரத்திலிருந்து ஒருவர் கார்டு போடுவார். போடட்டும். அவராவது தன் பெயரைப் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதுகிறார்.