தரையில் கிடக்கும் இரைக்கு எந்தத் தூண்டில் அமைப்பு? கேள்வி பதில்

காவிரி, பவானி, அமராவதிக் கரைகளிலும் நம் பக்கத்து அணைகளிலும் தூண்டில் போடுகிற நண்பர்கள், தரையோடு மேயும் மீன்களுக்கு ஈயம், நரம்பு, முள் ஆகியவற்றை எந்த வரிசையில் கட்டுவது என்று கேட்டிருக்கிறார்கள். மீனின் பெயரைச் சொல்லி அமைப்பைக் கேட்பது பலருக்கும் வழக்கமாக இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தின் தரை மணலா, சேறா, பாறையா என்பதையும், மீன் இரையை எப்படி வாயில் எடுக்கிறது என்பதையும்தான். கீழே தாய் நரம்பு என்று சொல்வது ரீலிலிருந்து வரும் நரம்பை. முள் நரம்பு என்பது முள்ளைத் தாங்கும் கடைசித் துண்டு.

ஈரோட்டிலிருந்து: வணக்கங்க அண்ணா. நான் தூண்டிலுக்குப் புதியவன். கடையில் ஒரு ஸ்பிரிங்கைச் சுற்றி ஆறு முள் தொங்குகிற செட் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லா இடத்துக்கும் இதுவே போதுமா?

பதில்: போதாது. ஆனால் அது வீண் பொருளும் அல்ல. ஸ்பிரிங்கின் மேல் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்த மாவை அழுத்திப் பிடித்து வீசினால், அந்த மாவு நீரில் மெல்லக் கரைந்து மணம் பரப்ப, அதை உறிஞ்ச வரும் ரோகுவும் கட்லாவும் மாவோடு முள்ளையும் சேர்த்து உறிஞ்சிவிடும். ஓட்டமில்லாத குளத்திலும், அடைப்பு இல்லாத சுத்தமான தரையிலும் இது நன்றாக வேலை செய்யும். ஓடும் ஆற்றில் மாவு சீக்கிரமே கரைந்து போகும். பாறை உள்ள இடத்தில் ஆறு முள்ளும் ஆறு இடுக்கைத் தேடிப் போகும். அத்துடன் ஒரு மீன் மாட்டித் துள்ளும்போது மீதி முட்கள் அதன் உடம்பிலும் உங்கள் விரலிலும் ஏறுகின்றன. ஆகையால் புதியவர்களுக்கு நான் சொல்வது, ஓடும் ஈயம் வைத்த ஒற்றை முள் அமைப்பையே முதலில் கட்டிப் பழகுங்கள் என்பதுதான். நடுவில் துளையுள்ள ஈயத்தைத் தாய் நரம்பில் கோத்து, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் மணி, அதன் கீழே ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சிறு உலோக இணைப்பு), ஸ்விவலின் மறுமுனையில் ஒன்றரை அடி முள் நரம்பு என்று கட்டினால் முடிந்தது. மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு மட்டும் ஈயத்துக்குள் ஓடுவதால், மீனுக்கு எடை தெரிவதில்லை. மணி எதற்கு என்றால், ஈயம் வந்து வந்து மோதி முடிச்சை நசுக்காமல் இருப்பதற்கு.

பவானியிலிருந்து: கூடுதுறைக்கு மேலே, ஊராட்சிக்கோட்டைப் பக்கம் காவிரியில் போடுகிறேன். வீசுகிற ஒவ்வொரு முறையும் ஈயம் பாறையில் சிக்கி, முள்ளோடு அறுந்து போகிறது. கனமான நரம்பு போட்டால் சரியாகுமா?

பதில்: நரம்பைக் கனமாக்கினால் சிக்கல் குறையாது. அறுக்கும்போது இன்னும் அதிக நரம்பு ஆற்றில் தங்கும், அவ்வளவுதான். பாறைத் தரையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் ஈயம். எனவே ஈயத்தை மட்டும் இழந்து மற்றதைக் காப்பாற்றும்படி கட்ட வேண்டும். தாய் நரம்பின் முனையில் மும்முனை ஸ்விவல் ஒன்றைக் கட்டுங்கள். பக்கவாட்டு முனையில் முள் நரம்பைக் கட்டுங்கள். கீழ் முனையில் தாய் நரம்பைவிடப் பாதி பலமே உள்ள மெல்லிய நரம்பில் ஒன்றரை அடி விட்டு ஈயத்தைத் தொங்கவிடுங்கள். சிக்கும்போது இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்து ஈயம் மட்டும் போகும். முள்ளும், அதில் மீன் இருந்தால் மீனும் கைக்கு வரும். வேகமாகச் சாட்டை போல வீசினால் அந்த மெல்லிய நரம்பு காற்றிலேயே அறுந்து ஈயம் தனியே பறக்கும் என்பதால், நிதானமாக வீச வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்கும் இடத்தில் இதை எக்காரணம் கொண்டும் வேகமாக வீசாதீர்கள். ஈயத்துக்குப் பதிலாகப் பழைய போல்ட், நட்டுகளைக் கட்டுவோர் உண்டு. செலவும் குறைவு, ஈயம் ஆற்றில் சேராமலும் இருக்கும். பாறை இடத்துக்கு அது எனக்குப் பிடித்த வழி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதவணைகளுக்குக் கீழே நிற்பவர்கள் மதகு திறந்தால் நீர் எவ்வளவு விரைவாக ஏறும் என்பதைத் தெரிந்துகொண்டு, பாறைத் திட்டுகளின் நடுவே போய் நிற்காமல் கரையிலிருந்தே வீசுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: ஆழியாறு அணையில் அடித்தரை சேறாக இருக்கிறது. இரை சேற்றுக்குள் புதைந்துவிடுகிறதோ என்று சந்தேகம். மிர்காலும் சாதாக் கெண்டையும் துள்ளுவது தெரிகிறது, ஆனால் கடிப்பதில்லை.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. அமைப்புக்குப் போகும் முன் ஒரு வார்த்தை: அணை நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை தனியாக ஒப்படைக்கப்பட்டிருக்கும் என்பதால், மீன்வளத் துறையிடம் அனுமதி கேட்டுவிட்டே தூண்டில் போட வேண்டும்.

உருண்டை ஈயம் சேற்றில் நேராக இறங்கும்போது, குட்டையான முள் நரம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு இரண்டு மாற்றங்கள் தேவை. ஈயத்தைத் தட்டையானதாகவும் இலேசாகவும் எடுங்கள். ஓட்டமில்லாத நீரில் 20 முதல் 30 கிராம் தாராளம். முள் நரம்பை இரண்டரை, மூன்று அடி வரை நீளமாக்குங்கள். அப்போது ஈயம் புதைந்தாலும் இரை சேற்றின் மேற்பரப்பில் படிந்து நிற்கும். மண்புழுவை விட, வேகவைத்த மக்காச்சோளமோ மாவு உருண்டையோ சேற்றின் மேல் நன்றாக நிற்கிறது.

கடிக்காததற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். மிர்காலும் சாதாக் கெண்டையும் தரையில் கிடப்பதை உறிஞ்சிப் பார்த்து, கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் துப்பிவிடுகிற மீன்கள். உறிஞ்சும்போது முள் இரைக்குள் ஒளிந்திருந்தால் துப்பும்போதும் ஒளிந்தே வெளியே வந்துவிடும். அதனால்தான் ஹேர் ரிக் என்ற முறையில், முள்ளின் காம்பிலிருந்து ஒரு மெல்லிய நூலை நீட்டி இரையை அதில் கோத்து, முள்ளை வெறுமையாக விடுகிறார்கள். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள் கூடவே உள்ளே போகிறது. துப்பும்போது முனை உதட்டில் பிடித்துக்கொள்கிறது. இதற்கு மட்டும் ஈயம் ஓடக் கூடாது. சற்றுக் கனமான ஈயத்தை நகராமல் நிறுத்திவிட்டால், மீன் திடுக்கிட்டு ஓடும்போது அந்த எடையே முள்ளை ஏற்றிவிடும். கட்லாவுக்காக இதைக் கேட்பவர்களுக்கு: கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பது, அது மேல்நீரில் மேய்கிற மீன். அதற்குத் தரை இரையை விடத் தக்கை பொருத்தம்.

உடுமலையிலிருந்து: அமராவதியில் ஜிலேபி இரையைத் திருடிக்கொண்டே இருக்கிறது. முள்ளில் ஏறுவதே இல்லை.

பதில்: முள் பெரிதாக இருக்கிறது. 10 அல்லது 12ஆம் எண் முள்ளுக்கு மாறுங்கள் (எண் கூடினால் முள் சிறிதாகும்), அரை மண்புழு மட்டும் கோருங்கள், முள் நரம்பைக் குறுக்குங்கள். அந்த அணையில் முதலைகள் உண்டு. தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டாம்.

கரூரிலிருந்து: மாயனூர்ப் பக்கம் மணல் தரை. இரவில் கெளுத்திக்கும் வாளைக்கும் ஒரே அமைப்பைப் பயன்படுத்தலாமா? கோழிக்குடல்தான் இரை.

பதில்: ஈயம் இருக்கும் பகுதி ஒன்றாகவே இருக்கலாம், முள் நரம்பு ஒன்றாக இருக்க முடியாது. இரண்டுக்கும் ஓடும் ஈயம் சரி. மணலில் நீரோட்டம் இருக்கும்போது உருண்டை ஈயம் உருண்டு உருண்டு கரைக்கே வந்துவிடும் என்பதால், தட்டையானதையோ பிரமிடு வடிவத்தையோ எடுங்கள். கெளுத்தி மீசையால் தடவியும் மணத்தாலும் இரையைக் கண்டு அப்படியே விழுங்குகிற மீன். அதற்கு முனை உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள் நல்லது. சுண்டி இழுக்காமல், ராடு வளைந்ததும் மெல்ல ரீலைச் சுற்றினாலே முள் வாயோரத்தில் போய் நிற்கும். சுண்டினால் முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்; பழைய பழக்கத்தை விட முடியாதவர்கள் சாதாரண முள்ளிலேயே இருக்கலாம். வாளையின் வாய் அகலம், பற்கள் நிறைய. சாதாரண நைலானை அறுத்துவிடும். ஆகையால் முள்ளுக்கு மேலே ஓர் அடிக்கு மெல்லிய கம்பி நரம்பு தேவை. முள்ளும் 1/0 (இது 1ஆம் எண்ணை விடப் பெரிய முள்) அல்லது அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கெளுத்தியைக் கையில் எடுக்கும்போது அதன் முதுகு, பக்கத் துடுப்புகளின் முன்னால் இருக்கும் முட்களைக் கவனியுங்கள். இரவில் இடுக்கி இல்லாமல் போகவே கூடாது.

திருப்பூரிலிருந்து: விடுமுறைக்குப் பாலக்காடு வழியாகப் பொன்னானிக் கடற்கரைக்குப் போவோம். அங்கே மாந்தள் என்று விற்கிற தட்டையான மீனைக் கரையிலிருந்தே தூண்டிலில் பிடிக்க முடியுமா? ஆற்றில் போடுகிற அமைப்பே போதுமா?

பதில்: முடியும். ஆனால் வலையில் விழுவது போலத் தூண்டிலில் விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் கிழக்குக் கரையில் நாக்கு மீன் என்று சொல்வதும் இந்த இனத்தைத்தான். மலபார்க் கரையில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது வலைகளில் மிகுதியாகப் படும். நீங்களும் அந்தக் காலத்தையே தேர்ந்தெடுங்கள். பருவமழைக் காலக் கடலில் கரைத் தூண்டிலுக்கு வேலை இல்லை.

இந்த மீன் மணலிலோ சேற்றிலோ பாதி புதைந்து கிடக்கிறது. வாய் சிறியது, சற்று வளைந்தது. தரையில் இருக்கும் கடற்புழுக்களையும் சிறு கூனி வகைகளையும் மணத்தால் தேடி மெதுவாக உறிஞ்சுகிறது. ஆகவே இரை தரையைத் தொட்டே கிடக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. பாறைக்கு நான் சொன்ன, ஈயம் கீழும் முள் மேலும் தொங்குகிற அமைப்பு இங்கே சும்மா பயன்படாது. அதில் ஒரு திருத்தம் செய்யலாம்: ஈயத்திலிருந்து முக்கால் அடி உயரத்தில் கிளை நரம்பைக் கட்டி, கிளையின் நீளத்தை ஒன்றரை அடியாக வைத்தால், தூர வீசும்போது தாய் நரம்பு சாய்வாக வருவதால் இரை மணலில் படிந்துவிடும். கிளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு அமைப்பைச் சொல்லுங்கள் என்றால், நான் ஓடும் ஈயத்தையே சொல்வேன். மூன்றடி முள் நரம்பும், 6 அல்லது 8ஆம் எண்ணில் காம்பு நீண்ட முள்ளும் போதும். மாந்தள் இரையை ஆழமாக விழுங்கிவிடும் என்பதால், காம்பு நீளமாக இருந்தால்தான் கழற்ற முடியும்.

ஈயத்தில்தான் ஆற்றுக்கும் கடலுக்கும் வேறுபாடு. அலையில் 30 கிராம் நிற்காது. 80 முதல் 100 கிராம் வரை வேண்டும், அதை வீசும் பலம் உங்கள் ராடுக்கு இருக்கிறதா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். மணலில் பிடித்துக்கொள்ளக் கம்பிக் கால்கள் வைத்த ஈயத்தைக் கடைக்காரர் நீட்டுவார். அலை கடுமையாக இருந்தால் அது தேவைதான். ஆனால் தட்டை மீனுக்குச் சாதாரண ஈயமே மேல். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ரீலை ஒரு சுற்றுச் சுற்றி ஈயத்தை மெல்ல இழுத்தால், அது மணலைக் கிளறிச் சிறு புழுதியைக் கிளப்பும். பக்கத்தில் புதைந்து கிடக்கும் மீன் அதைக் கவனித்து வரும். இரையும் புதிய இடங்களுக்கு நகரும். தூரம் வீசுவதே திறமை என்று எண்ணாதீர்கள். கரைக்கும் முதல் மணல்மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலும், ஆனைமலையில் பிறந்த நம் நீரைச் சேர்த்துக்கொண்டு போகிற பாரதப்புழை கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் ஓரத்திலும் மீன் கிட்டத்திலேயே இருக்கும். கடித்ததும் சுண்டாதீர்கள், கொஞ்சம் பொறுத்து, நரம்பில் எடை தெரிந்த பிறகு தூக்குங்கள்.

எருமை நாக்கு என்கிற பெரிய தட்டை மீன் வேறு ரகம். அதன் வாய் பெரியது, பற்களும் உண்டு. மற்ற மீன்களைத் தின்கிறது. அதற்கு மீன் துண்டை நீளவாக்கில் நறுக்கி 1/0 முள்ளில் கோத்து, கனமான முள் நரம்பில் போட வேண்டும். அதே மணலில் திருக்கையும் படுத்திருக்கும். நீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். திருக்கை மாட்டினால் கையால் தொடாமல் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள்.

கோவையிலிருந்து: முள் நரம்புக்கு பிரெய்டு நல்லதா, நைலானா?

பதில்: பாறை இல்லாத இடத்தில் தாய் நரம்பாக பிரெய்டு (மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு) நல்லது; அது நீளாது என்பதால் சிறு கடியும் கைக்குத் தெரியும். அதே காரணத்தால் மீனின் திடீர் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் தன்மை அதற்கு இல்லை. பாறையில் உரசினால் சீக்கிரம் நைந்தும் போகும். முள் நரம்புக்கு நைலானே என் தேர்வு, தாய் நரம்பைவிடச் சற்றுப் பலம் குறைந்ததாக. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நைலானை இறுக்கினால் உரசலில் சூடாகிப் பலம் இழக்கும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: கொடிவேரிக்கு மேலே அடித்தூண்டிலில் பெரிய செதிலுள்ள மஹ்சீர் ஏறினால் என்ன செய்வது?

பதில்: நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் கூனல் மஹ்சீர், அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது ஏறக்கூடிய இடத்தில் போடும்போது, முள்ளின் எதிர்முனையை (நுனிக்குக் கீழே பின்நோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை) இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. கோழிக்குடலும் பல முள் ஸ்பிரிங்கும் அங்கே வேண்டாம்.